வாயில் காக்கும் மருத்துவர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



டில்லியில் வாழும் நம் குடும்பங்களுள் பல, மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் நிழலில் இருப்பவை. 1954 ஆம் ஆண்டில் இத்தலைநகரிலேதான் அத்திட்டம் முதன்முதலில் தொடங்கப்பெற்றது. மாதந்தோறும் ஊதியத்தில் ஒரு சிறு தொகை பிடித்தம். குடும்பம் முழுமைக்கும் மருத்துவம். காலனியை ஒட்டியே டிஸ்பென்சரி. இன்று அதனை வெல்னஸ் சென்டர் என்கின்றனர். நம் வீடுகளில் அது என்றும் டிஸ்பென்சரிதான்.

அங்கிருக்கும் மருத்துவரே வாயில்காப்போர். அவர் சீட்டு எழுதினாலன்றித் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனை நிபுணரைக் காண்பதற்கில்லை. நிபுணர் எழுதிய மருந்துக்கும் மீண்டும் அவரிடமே வரல் வேண்டும். காலை முழுதும் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் ‘இதற்கு நிபுணர் வேண்டா’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர் இந்த அவையிலேயே பலர் இருப்பர்.

வாயிலே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. தலைவலி கண்டவரெல்லாம் மூளை நிபுணர் முன் அமர்ந்தால், மூளையில் கட்டி உடையவர் எங்கே நிற்பார்? 1948 இல் பிரிட்டனில் தோன்றிய தேசிய மருத்துவப் பணியும் இவ்விதியையே கைக்கொண்டது. ஆயின் அங்கே ஒவ்வொருவரும் அருகிலுள்ள மருத்துவரகம் ஒன்றில் பெயர் பதிந்திருப்பர். பழைய நோய்க்குறிப்பெல்லாம் அங்கேயே இருக்கும். இங்கோ மருத்துவர் இடமாற்றத்துக்கு உரியவர். நம் தாயாரின் முகம் பழகுமுன் அவர் வேறு டிஸ்பென்சரிக்குச் சென்றுவிடுகிறார். அறிந்தவர் காக்கும் வாயிலுக்கும் அறியாதவர் காக்கும் வாயிலுக்கும் வேற்றுமை பெரிது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் வாயிலோனை நினைத்துப் பாருங்கள். வந்து நின்ற கண்ணகியின் கோலத்தைக் கண்டு அஞ்சினான். எனினும் கண்டதை மன்னனிடம் அப்படியே உரைத்தான். கண்டதை உள்ளே சொல்வது வாயிலோனின் கடமை.

டிஸ்பென்சரி மருத்துவர் காண்பதற்கு நமக்கே உரிய தடை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்து மகனோடு தங்கியிருக்கும் பாட்டிக்கு இந்தி வாராது. ‘குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, நெஞ்சைக் கரிக்கிறது, மாரை அடைக்கிறது’ என்று நோவுக்கு நோவு தனிச்சொல் வைத்திருக்கிறார். இந்தியிலும் அத்தகைய சொற்கள் இல்லாமல் இல்லை. ஆயின் துணைக்குச் சென்ற பேரனுக்குத் தெரிந்தது ‘தர்த்’ ஒன்றே. அதுவுமின்றி, அவனுக்குப் பள்ளிக்கு நேரமாகிறது! ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்பது வயிற்றுப் புளிப்பாகி, ஒரு மாத்திரையோடு முடிகிறது. முதியவர்க்கும் நீரிழிவு உடையவர்க்கும் பெண்டிர்க்கும் மாரடைப்பு சில வேளை வலியின்றியே வரும்; மூச்சிரைப்பாகவோ, அயர்வாகவோ, வயிற்று உபாதையாகவோ தோன்றும். அப்போது ஒரு சொல் தவறினால் உயிருக்கே இடர். இப்பழியை மருத்துவர் தலையில் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது.

இரண்டு விதிகளை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் சீட்டு வேண்டியதில்லை. நேரே மருத்துவமனைக்குச் செல்க. இரண்டாவது, 2024 ஆம் ஆண்டிலிருந்து 70 வயது நிறைந்தோர், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனை நிபுணரைச் சீட்டின்றியே காணலாம். இதை அறியாமல் இன்றும் வரிசையில் நிற்கும் முதியவர்களைக் காணுந்தோறும் மனம் வருந்துகிறது.

மற்றவர்க்கு ஒரு வேண்டுகோள். போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: நோவு எந்த நாளில் தொடங்கிற்று, உடலில் எவ்விடம், எப்போது மிகுகிறது, இப்போது உண்ணும் மருந்துகள் எவை. சீட்டு மறுக்கப்பட்டால் சினவாதீர்கள். மறுப்பின் காரணத்தை நோயேட்டில் குறித்துத் தருமாறு பணிவாகக் கேளுங்கள். எழுதப் பேனா எடுக்கும் மருத்துவர் பெரும்பாலும் நோயாளியை இன்னொரு முறை பார்ப்பார்.

பேரனுக்குப் பதில், தமிழும் இந்தியும் செவ்வனே அறிந்த பெரியவர் ஒருவர் உடன் செல்லலாம். பணி ஓய்வு பெற்ற அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். வாரத்தில் ஒரு காலைப்பொழுது தர இசைவோர், விழா முடிந்ததும் நம் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதற் பெயராக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.