பூசணம் பிடித்த தானியம் மாட்டுக்கும் ஆகாது



போடியில் ஏலக்காய் தெரியாத குடும்பம் கிடையாது. மலையில் காய் எடுத்ததும் ஸ்டோருக்குக் கொண்டு போய், ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பதமாக உலர்த்துகிறோம். ஈரம் நின்றால் நிறம் போகும், பூசணம் பிடிக்கும், ஏலத்தில் விலை விழும். விற்கிற காய்க்கு இவ்வளவு கவனம் எடுக்கிறோமே, நம் பிள்ளைகள் தின்கிற சோளத்துக்கும் கடலைக்கும் அதில் பாதியாவது எடுக்கிறோமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மக்காச்சோளம் அறுவடைக்கு வருகிறது. வெயில் இல்லை. அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டிச் சுவரோரம் சாய்த்து விடுகிறோம். மலைமேல் இருப்பவர்களுக்கோ வீட்டுக்குள்ளேயே மூடுபனி. கொஞ்ச நாளில் சாக்கைப் பிரித்தால் ஒரு முடை வாடை. தானியத்தின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி.

அப்போது வீட்டில் என்ன பேசிக்கொள்கிறோம்? "கழுவி வேக வச்சா எல்லாம் சரியாப் போகும்" என்கிறார் ஒருவர். "வேண்டாம், மாட்டுக்குப் போடு, அது தின்னுட்டுப் போகுது" என்கிறார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதும் தவறு.

அந்தப் பூசணம் ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அதற்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். பூசணத்தைக் கழுவித் துடைத்தாலும் நஞ்சு தானியத்துக்குள் நிற்கும். நாம் சமைக்கிற சூட்டில் அது அழிவதில்லை. அதிகமாக உள்ளே போனால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் ஈரலில் புற்றுநோய் வரலாம்.

இது எங்கோ நடந்த கதை இல்லை. 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தானில் பன்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்சமகால் மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தைத்தான் ஏழைக் குடும்பங்கள் சாப்பிட்டன. அவர்களுக்கு வேறு தானியம் இல்லை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம் என்று 397 பேர் படுத்தார்கள். 106 பேர் இறந்து போனார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

சரி, மாட்டுக்குப் போட்டால் என்ன? அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பசு தின்ற நஞ்சில் ஒரு பகுதி ஒரே நாளில் பாலில் இறங்கி விடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. ஆகாது என்று நாம் ஒதுக்கியதே, சுற்றிக்கொண்டு நம் பிள்ளையின் டம்ளருக்கு வந்து சேருகிறது. 2018-ஆம் ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-இல் இந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. அதில் 88 மாதிரிகள் நம் தமிழ்நாட்டுப் பால். வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அதற்காகப் பிள்ளைக்குப் பாலை நிறுத்தி விடாதீர்கள். தீவனத்தைத் திருத்துங்கள். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் சுத்தமாகி விடும்.

கோழிக்கும் போட வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் மடிந்தன. அதன் பிறகுதான் இந்த நஞ்சையே உலகம் கண்டுகொண்டது.

புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து செய்ய வேண்டியவை:

1. தானியத்தை வெறும் மண்ணில் போடாமல் படுதாவில் பரப்பி உலர்த்துங்கள். மழை வந்தால் உடனே மூடுங்கள்.

2. ஈரம் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் கொஞ்சம் உலர்ந்த உப்பும் போட்டு, மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும்.

3. மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

4. சமைக்குமுன் முறத்தில் புடைத்து, நிறம் மாறியது, சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பொறுக்கிய சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். பிண்ணாக்காகத் திரும்பி வரும். குழி தோண்டிப் புதையுங்கள்.

5. பிண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால், விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். நீங்கள் சாப்பிடும் தானியம் சுத்தமாக இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி கிருமியும் இந்த நஞ்சும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு பல மடங்கு. ஆகவே குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தடுப்பூசியைப் போட்டு விடுங்கள். பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் ஊசிகளையும் தவற விடாதீர்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இவை இலவசம்.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானாலோ வயிறு வீங்கினாலோ, கை மருந்தில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், சாப்பிட்ட தானியத்திலும் ஒரு பிடி எடுத்து வாருங்கள்.

ஒரு மூட்டை போனால் மனசு கஷ்டப்படத்தான் செய்யும். மூட்டையை அடுத்த போகத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் உடம்பை அப்படி எடுக்க முடியாது.