வீட்டு ஷாம்பு மூன்று மாதம் கெடாமல் இருக்க...
(மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் என் கதையைச் சொல்லிடறேன். சீயக்காய், செம்பருத்தி கஷாயம் வச்சு, அதுல நுரை பேஸ்ட் கலந்து இருபது பாட்டில் ஷாம்பு செஞ்சேன். சொந்தக்காரங்களுக்குப் பொங்கல் பரிசு. பார்க்க அழகா இருந்தது. மூன்றாவது வாரம் நாத்தனார் போன் பண்ணி, "அண்ணி, புளிச்ச வாடை வருது, பாப்பாவுக்கு இதைத்தான் தேய்ச்சேன்"னு சொன்னாங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா கெட்டுப்போன ஷாம்பு கண்ணுல பட்டா கிருமித் தொற்று வரலாம். அன்னைக்கே எல்லா பாட்டிலையும் திருப்பி வாங்கிக் கொட்டினேன்.

தண்ணீர் இருக்கிற எந்தப் பொருளிலும் கிருமி வளரும். மூலிகைக் கஷாயம் அதுக்கு விருந்து. அதனால முதல்ல கஷாயம் இல்லாமல் பழகுங்க.

"கடை கண்டிஷனரை ஷாம்புல கலந்தா போதாதா?" என்று கேட்பீங்க. போதாது. நுரை தரும் பொருளுக்கு எதிர் மின்னேற்றம். கண்டிஷனருக்கு நேர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சு போகும். அதுக்குப் பதில் கொத்தவரை விதையிலிருந்து செய்யும் கேட்டயானிக் குவார் கம் போடலாம். அலசும்போது அது முடியில் படிஞ்சு மென்மை தரும்.

ஒரு கிலோவுக்கு அளவு இது:

காய்ச்சி வடித்த நீர் – 700 கிராம்
எஸ்எல்இஎஸ் பேஸ்ட் (70 சதவீதம்) – 150 கிராம்
கோகோ பீட்டைன் (30 சதவீதம்) – 100 கிராம்
கிளிசரின் – 20 கிராம்
கேட்டயானிக் குவார் கம் – 3 கிராம்
ஃபீனாக்சி எத்தனால் – 9 கிராம்
சோடியம் பென்சோயேட் – 5 கிராம்
உப்பு – 10 கிராம் வரை
சிட்ரிக் அமிலம் – சுமார் 3 கிராம்

கரண்டிக் கணக்கு வேண்டாம். டிஜிட்டல் தராசு வேணும். குவார் கம்மை கிளிசரினில் குழைச்சு, தண்ணீரில் கொட்டி, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டுக் கலக்குங்க. கொஞ்ச நேரத்தில் கெட்டியாகும். தனிப் பாத்திரத்தில் பேஸ்ட்டையும் பீட்டைனையும் மெதுவா குழைச்சு, இந்தக் கம் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. வேகமாக் கலக்கினா நுரைதான் வரும். பிறகு இரண்டு பாதுகாப்புப் பொருளும். அடுத்து, பிஎச் தாளில் 5 வரும்வரை சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்க. பிஎச் கூடினால் பென்சோயேட்டின் பலம் குறைஞ்சிடும். கடைசியில்தான் உப்பு. அளவு மீறினால் கெட்டியான ஷாம்பு திரும்பவும் நீர்த்துப் போகும்.

செஞ்ச அன்னைக்கே யாருக்கும் கொடுக்காதீங்க. ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில், ஒன்று அலமாரியில், ஒன்று வீட்டிலேயே சூடான இடத்தில் வைங்க. வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து, நிறம், வாடை, கெட்டித்தன்மை, பிஎச் நான்கையும் குறிச்சு வைங்க. மூன்று மாதம் மாறாமல் இருந்தால்தான் அது நிலையான ஷாம்பு.

இன்னொரு முக்கியமான விஷயம். சொந்த உபயோகத்துக்குச் செய்ய உரிமம் வேண்டாம். விற்கணும்னா, 2020 அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் கட்டாயம். உத்யம் பதிவு தொழிலுக்கான பதிவு மட்டுமே. உணவு உரிமமும் இதுக்குச் செல்லாது. லேபிளில் பொருட்களின் பட்டியல், தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உரிம எண் எல்லாம் இருக்கணும்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குறது ஒரு நிமிஷ வேலை. அந்த பாட்டில் ஒரு குழந்தையோட தலைக்குப் போகுதுங்கறதை மட்டும் மறந்துடாதீங்க.