கணக்கிலே திறமைச் சித்தி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, இருபாலையைக் கடந்ததும் வருவது கோப்பாய். செம்மண் தோட்டங்கள் ஒருபுறம். ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையும் பாடசாலைகளும் மறுபுறம். உழவும் கல்வியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஊர் அது.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில், இத்தகைய ஊர்களிலே முதலில் எழும் வினா, “கணக்குக்கு என்ன?” என்பதே. அவ்வினாவுக்குக் காரணம் உண்டு. 35 புள்ளி பெற்றவர் சாதாரண சித்தி எய்துகிறார். 50 புள்ளியை எட்டியவர் திறமைச் சித்தி எய்துகிறார். இரண்டும் சித்தியே. ஆயினும், உயர்தரத்திலே இணைந்த கணிதம் பயின்று பொறியியலாளராக விழைபவருக்குச் சாதாரண சித்தி போதாது. 49க்கும் 50க்கும் இடையிலுள்ள ஒரு புள்ளி, ஒரு பிள்ளை செல்லும் பாதையையே மாற்றிவிடக்கூடும்.

அந்த ஒரு புள்ளி எங்கே கிடைக்கிறது? வினாத்தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவதே இறுதிப் புள்ளி. இரண்டாம் வினாத்தாளிலே விடைக்கு மட்டுமன்றி, விடைக்கு வந்த வழிக்கும் புள்ளி உண்டு. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஓர் உதாரணம் காண்போம். செவ்வகத் தோட்டம் ஒன்றின் நீளம், அகலத்திலும் 5 மீற்றர் கூடியது. பரப்பளவு 204 சதுர மீற்றர். அகலம் யாது? சமன்பாட்டை அமைத்துத் தீர்த்தால் 12, சய 17 என இரு விடைகள் வரும். கடந்த கால வினாத்தாள்களை மனனஞ் செய்த மாணவன் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வான். விளங்கிக் கற்றவனோ, “அகலம் சய எண்ணாக இராது, ஆகவே 12 மீற்றர்” என்று ஒரு வரி சேர்ப்பான். அந்த ஒரு வரியிலேதான் திறமை இருக்கிறது. கோப்பாய்த் தோட்டக்காரர் எவரும் அகலம் சய பதினேழு என்றால் நகைப்பாரன்றோ!

கோப்பாய்க்கு அயலிலுள்ள உரும்பிராயிலே 1895இல் பிறந்தவர் செல்லப்பா சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே கணிதத்தில் முதல் வகுப்புச் சிறப்புப் பெற்ற அவர், பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக விளங்கினார். அயற்கிராமத்துப் பிள்ளைக்கு எட்டிய கல்வி இக்கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டாததன்று.

ஆயின், 50 புள்ளியை மாத்திரம் குறியாகக் கொள்வது தகாது. ஊகவினாக்களை நம்பி அதனைப் பெற்றவர், இணைந்த கணிதத்தின் முதல் தவணையிலேயே தடுமாறுவர். பின்னங்களும் சினைப்படுத்தலும் கேத்திரகணித நிறுவல்களும் ஆறாம் வகுப்பு முதலே படிப்படியாக உறுதிப்பட வேண்டியவை; இறுதி மூன்று மாதத்து இரவு வகுப்புகளால் அவ்வுறுதி வாராது.

ஆதலின், பெற்றோர் “எத்தனை புள்ளி?” என்று கேட்குமுன், “இந்த விடை எப்படி வந்தது?” என்று ஒருமுறை கேட்பாராக. அதற்கு மறுமொழி கூறத் தெரிந்த பிள்ளையைத் திறமைச் சித்தி தானே தேடிவரும்.