நேரங்கழித்துத் தூங்கினேன்



தூக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆவதைப்போல் 'ஸ்லீப்' என்பதும் 'ஸ்லீப்ட்' ஆகும் என எண்ணிவிடுகிறார்கள். அப்படியொரு சொல் இல்லை. இன்று 'ஸ்லீப்', நேற்று 'ஸ்லெப்ட்'. 'கீப்' என்பது 'கெப்ட்' ஆகிறதல்லவா, அதுபோல நெடில் குறுகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. வகுப்பில் தலை சாய்க்கும் பிள்ளையிடம் ஆசிரியை காரணம் கேட்கிறார். இரவு நேரங்கழித்துப் படுத்ததைச் சொல்ல நினைத்து, அது 'ஐ ஸ்லெப்ட் லேட்' என்கிறது. நம் நாட்டு ஆசிரியைக்குப் புரிந்துவிடும். ஆனால் ஆங்கிலேயர் காதில், 'விடிந்த பிறகும் நெடுநேரம் தூங்கினேன்' என்றே விழும். நேர் எதிர்ப்பொருள்! 'ஐ வென்ட் டு பெட் லேட்' என்பதே சரி. தமிழிலும் படுப்பது வேறு, தூங்குவது வேறுதான்; பேச்சில் நாம்தாம் கலந்துவிடுகிறோம்.

சரி, பிள்ளை ஏன் நேரங்கழித்துப் படுக்கிறது? பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் விடியுமுன் எழுந்தார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் லயம் சீக்கிரமே அடங்கியது. இன்று தோட்டத்தை விட்டுக் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று வந்துவிட்டவர்கள் பலர். வந்தும், பிள்ளைகள் பள்ளி வேனுக்கு இருட்டில்தான் நிற்கிறார்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அன்றுமுதல் இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கிலோ, அதற்குப் பிறகோதான்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் கணக்கு. காலை 5.30க்கு எழும் பிள்ளை இரவு 8.30க்குத் தூங்கியிருந்தால்தான் ஒன்பது மணி நேரம் தேறும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் 10.30க்கு அணைந்தால் ஏழுதான். ஐந்து பள்ளி நாளில் பத்து மணி நேரம் கடன்! அந்தக் கடனைத் தீர்க்கத்தான் சனிக்கிழமை வெயில் ஏறும்வரை புரள்கிறது. அன்றைக்கு அது 'ஐ ஸ்லெப்ட் லேட்' என்று தாராளமாகச் சொல்லலாம். இலக்கணப் பிழை இல்லை.

இன்னொன்று. 'டிட்' வந்துவிட்டால் 'ஸ்லெப்ட்' மறுபடி 'ஸ்லீப்' ஆகிவிடும். நாளைக் காலை தேநீர் கலக்கும்போது பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், அம்மா: 'டிட் யூ ஸ்லீப் வெல்?' அடுத்து, 'வாட் டைம் டிட் யூ கோ டு பெட்?'