வாய்வு என்று நாமே முடிவெடுக்க வேண்டாம்
(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஓர் இரவு எங்கள் விடுதிக்கு ஓர் அம்மா வந்தார். முதுகு உளைவு, ஓங்காளம், வியர்வை. அன்று வீட்டில் விருந்தினர். பரிமாறும்போதே தொடங்கிவிட்டதாம். வாய்வு என்று உள்ளி அவித்துக் குடித்து, பாத்திரமும் கழுவி முடித்த பிறகே மகனிடம் சொல்லியிருக்கிறார்.

ஈ.சி.ஜி. எடுத்தோம், கோளாறு தெரியவில்லை. முதற் குருதிப் பரிசோதனையும் சரி. "ஒண்டுமில்லைத்தானே பிள்ளை, நான் வீட்டை போகட்டே?" என்றார். நாங்கள் மறித்தோம்.

ஏன் மறித்தோம்? நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்பவர், நோயாளரின் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைக்கச் செய்து இதயத்தின் மின்னலைகளைப் பதிந்தார். அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசுக்கும் ஏறக்குறைய எமது கல்லூரியின் வயதுதான்! இன்று 10 மின்வாய்களை ஒட்டி 12 கோணங்களில் பார்க்கிறோம். ஆனாலும் அது சில செக்கன்களின் பதிவு மட்டுமே. மாரடைப்பு வந்தவரிலும் முதற் பதிவு சரியாக இருக்கலாம்.

இதயத்தசை காயப்பட்டால் ட்ரொபோனின் என்ற புரதம் குருதியிற் கசியும். அது உயரச் சில மணித்தியாலங்கள் செல்லலாம். சிறுநீரக நோயிலும் இதயத்தசை அழற்சியிலும்கூட அது உயர்ந்திருக்கும். ஆகவே ஒரு தடவை பார்த்த அளவைவிட, இரண்டாம் முறை அது ஏறுகிறதா என்பதே முக்கியம். ஈ.சி.ஜி.யிலேயே பெரிய அடைப்பு தெரிந்தால் குருதி முடிவுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்குவோம்.

அந்த அம்மாவின் இரண்டாவது ட்ரொபோனின் பல மடங்கு ஏறியிருந்தது. மாரடைப்புத்தான். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் சுகமாக வீடு திரும்பினார். அன்று அனுப்பியிருந்தால்?

பெண்களிலும் நெஞ்சு நோவே முதன்மையான அறிகுறி. ஆனால் மூச்சு முட்டல், தாடை நோவு, முதுகு உளைவு, ஓங்காளம், காரணமில்லாக் களைப்பு ஆகியனவும் ஆண்களைவிட அதிகம் காணப்படும். வீட்டில் எல்லாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கும் நாம், எமது நோவை மட்டும் கடைசிக்கு வைக்கிறோம்.

சகோதரிகளே, இப்படியான நோவு வந்தால் சமையலை அப்படியே விடுங்கள். இங்கே 1990க்கும், வெளிநாடுகளில் அந்தந்த நாட்டு அவசர இலக்கத்துக்கும் அழையுங்கள். தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். இரண்டாவது பரிசோதனைக்கு மறித்தால், அலுத்துக்கொள்ளாமல் இருங்கள்.