கருவூலத் திறவுகோலும் கொங்குநாட்டுக் கைகளும்

(கோவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'நடுவணரசு தமிழ்நாட்டுக்குத் தரும் பணம்' என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். அதிலுள்ள 'தரும்' என்னும் சொல்லைத்தான் நாம் முதலில் ஆராய்தல் வேண்டும். தன்னிடமுள்ளதைப் பிறர்க்கு வழங்குவதன்றோ தருதல்? தில்லிக் கருவூலத்தில் குவிந்துள்ள வரிப்பணம் எங்கிருந்து போயிற்று? திருப்பூரில் பின்னலாடை தைப்பவனும், சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவனும், கோவைப் பட்டறையில் இரும்பு கடைபவனும், ஈரோட்டில் மஞ்சள் விற்பவனும் உழைத்து ஈட்டிய பொருளினின்று போயிற்று. நம்மிடமிருந்து போனதில் ஒரு கூறு நமக்கே திரும்பி வருவதைக் கொடை என்று கூறுவது, அடகுக்கடைக்காரனை வள்ளல் என்று வாழ்த்துவதை ஒக்கும். அது பங்கு, கொடையன்று. இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இப் பங்கு ஏன் குறைகின்றது என்று கேட்டால், நம்மவர் பலர் உடனே ஒரு விடை கூறுவர்: "தில்லியில் நம்மவர் இல்லை, நம் ஆள் ஒருவன் பொருளமைச்சனாய் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பர். இவ் விடையை வேறெந்த ஊரில் நம்பினாலும் நம்பலாம். கோவையில் நம்புதல் ஆகாது. ஏனெனில், வெள்ளையன் வெளியேறிய பின்னர்த் தில்லிக் கருவூலத்தின் திறவுகோலை முதன்முதலாகக் கையில் வாங்கியவரே கோவை மண்ணின் மைந்தர்தாம். 1947 நவம்பர் 26ஆம் பக்கல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தவர் ஆர்.கே. சண்முகனார். தமிழிசைக்குத் தோள் கொடுத்த அப் பெருமகனாரை அறியாதார் இங்கிருக்கமாட்டார். அவர்க்குப்பின், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியனார் 1974ஆம் ஆண்டிலிருந்து 1977 வரை அதே இருக்கையில் இருந்தார். 1965 பிப்பிரவரியில், தமிழ்நாடு மொழிப்போரில் பற்றியெரிந்தபொழுது, நடுவண் அமைச்சுப் பொறுப்பினின்று விலகக் கடிதம் கொடுத்தவரும் அவரே.

இவ் விருவரொடு டி.டி. கிருட்டிணமாச்சாரி, இரா. வெங்கட்டராமன், ப. சிதம்பரம், நிருமலா சீதாராமன் என்று தமிழ்நாட்டில் பிறந்தார் மேலும் நால்வர் அவ் விருக்கையில் அமர்ந்தனர். வேறெந்த மாநிலத்தார்க்குக் குறை இருப்பினும், 'எம் ஆள் இல்லை' என்னும் குறை நமக்கில்லை. ஆயினும் விளைந்ததென்ன? ஆகவே, குற்றம் திறவுகோல் பிடித்த கையிலன்று. பூட்டின் அமைப்பிலேயே உள்ளது. இன்று யான் சொல்ல வந்ததெல்லாம் இஃதொன்றே.

அவ் வமைப்பை விளக்குகின்றேன். நீங்கள் கீழ்பவானிப் பாசனத்தையும் பரம்பிக்குளம்-ஆழியாற்றுப் பாசனத்தையும் கண்டு பழகியவர்கள். மதகைத் திறப்பவன் மேலே இருப்பான். கடைமடை உழவன் கீழே காத்திருப்பான். வரிப்பணமும் அவ்வாறே மூன்று மடைகளின் வழியாகத் தில்லியினின்று இறங்குகின்றது.

முதல் மடை, அரசியலமைப்பின் 280ஆம் கூறு. அக் கூற்றின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு என்று ஒரு குழு அமைக்கப்படுகின்றது. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக் குழுவை அமர்த்துபவர் குடியரசுத் தலைவர், அஃதாவது நடுவணரசு. பங்கு கேட்கும் மாநிலங்களுக்கு அவ் வமர்த்தத்தில் குரலே இல்லை. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆம் குழு, பகிர்தற்குரிய வரித்தொகையில் 41 விழுக்காட்டை மாநிலங்கட்கு ஒதுக்கிற்று. அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939, பீகாரின் பங்கு 10.058.

இவ் வெண்களை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். பகிர்தற்குரிய வரி நூறு உருபா என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டுக்கு வந்தது ஒன்றேமுக்கால் உருபாவுக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் நாம். எந்த வாய்பாடும் இன்றி வெறுந்தலைகளை எண்ணிப் பகிர்ந்திருந்தாற்கூட ஏறத்தாழ இரண்டரை உருபா வந்திருக்க வேண்டும்! 9ஆம் குழுவின் காலத்தில் 7.931 விழுக்காடாயிருந்த நம் பங்கு, 10ஆம் குழுவில் 6.637 ஆகி, 12இல் 5.305 ஆகி, 14இல் 4.023 ஆயிற்று. ஒரு தலைமுறைக்குள் ஏறத்தாழப் பாதி! 2026இல் தொடங்கும் ஐந்தாண்டுக்கான 16ஆம் குழு, நாட்டின் மொத்தப் பொருளாக்கத்தில் ஒரு மாநிலம் பெற்றுள்ள பங்குக்கும் மதிப்பெண் தந்தது. அவ்வாறு தந்தும் நாம் ஏறியது 4.1 விழுக்காட்டின் அளவுக்கே. பாதியாக நம் மாநிலம் கேட்ட மொத்தப் பகிர்வும் பழைய 41ஆகவே நின்றது.

இக் குறைவின் கரணியம் என்ன? 15ஆம் குழுவின் வாய்பாட்டில், செல்வ மாநிலத்தினின்று ஒரு மாநிலத்தின் தலைவீத வருவாய் எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதற்கு 45 மதிப்பெண், மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காட்டுக்கு 10, மக்கட் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி ஈட்டும் முயற்சிக்கு 2.5. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துங்கள் என்று பல்லாண்டுகள் பறையறைந்தது தில்லி. அவ்வாறு கட்டுப்படுத்திய மாநிலங்கள் இழப்புறாதிருக்கவே 1971ஆம் ஆண்டுக் கணக்கை நெடுங்காலம் அளவாகக் கொண்டனர். கொங்குநாட்டுச் சிற்றூர்களில் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். பின்னர் 15ஆம் குழுவுக்கு 2011ஆம் ஆண்டுக் கணக்கையே கொள்ளுமாறு தில்லி பணித்தது. சொன்னபடி நடந்தவனுக்கு இழப்பு, நடவாதவனுக்குப் பங்கு! 12.5 மதிப்பெண் அப் புண்ணுக்கு இட்ட களிம்பேயன்றிப் புண்ணை ஆற்றிய மருந்தன்று.

இரண்டாம் மடையோ நமக்குத் திறவாத மடை. செஸ் என்றும் சர்ச்சார்ஜ் என்றும் தில்லி வழங்கும் மேல்வரிகளும் கூடுதல் தீர்வைகளும் பகிர்தற்குரிய தொகையில் சேரா. அவை முழுவதும் தில்லிக்கே உரியவை. மாநிலப் பங்கு 32 விழுக்காட்டினின்று 42 ஆக 2015இல் உயர்ந்தபொழுது நாம் மகிழ்ந்தோம். மறுபுறத்தே நடந்தது யாது? 2011-12இல் நடுவணரசின் மொத்த வரியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காயிருந்த இம் மேல்வரிகள், 2020-21இல் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காயின. அளக்கும் படியைப் பெரிதாக்கிவிட்டுக் குவியலைச் சிறிதாக்கினால் அளப்பவனுக்கு இழப்பேது?

மூன்றாம் மடை, திட்டப்பணம். பெரும்பாலான திட்டங்களில் நடுவணரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் இடும். ஆனால் திட்டத்தின் பெயரும் நெறியும் கட்டுப்பாடும் முழுக்க முழுக்கத் தில்லியுடையவை. இதன் கூர்முனையை நாம் 2024-25ஆம் ஆண்டில் உணர்ந்தோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி உருபா அவ் வாண்டில் விடுவிக்கப்படவில்லை. மும்மொழியைப் புகுத்தும் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பமிட்டாலன்றிப் பணம் இல்லை என்பதே தில்லியின் நிலை. 2025 மே திங்களில் தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. 1965இல் ஆணையால் இயலாததை இப்பொழுது பணப்பையால் இயற்றப் பார்க்கின்றனர். மொழிச் சிக்கலையும் பணச் சிக்கலையும் வெவ்வேறெனக் கருதுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக. வரிப்பங்கை இழந்தவன், தன் பிள்ளை எம் மொழி படிப்பது என்று முடிவுசெய்யும் உரிமையையும் உடனிழப்பான்.

நம் கோவையின் கதையையே பாருங்கள். மெட்ரோ எனப்படும் நகரத் தொடர்வண்டித் திட்டத்தைத் தில்லி 2025 நவம்பரில் திருப்பியனுப்பிற்று. 20 இலக்கம் மக்கள்தொகை வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுக் கொள்கையாம். கோவை மாநகராட்சிப் பகுதியின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை 15.84 இலக்கமேயாம். புறநகரையும் கூட்டினால், அதே கணக்கெடுப்பில் கோவைப் பெருநகர்த் தொகுதியின் மக்கள்தொகை 21 இலக்கத்துக்கு மேல்! அவ்வாறு கூட்டியும் 20 இலக்கத்தைத் தொடாத போபாலுக்கும் ஆக்ராவுக்கும் 2018, 2019ஆம் ஆண்டுகளில் இசைவு வழங்கப்பட்டதே, எவ்வாறு? அளவுகோல் ஒன்றாயின் அது யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கட் கணக்கையே எடாதுவிட்டுப் பழங்கணக்கை நீட்டிக் கதவடைப்பது முறையாகுமா?

இங்கு நேர்மையான வினா ஒன்றுண்டு. அதனை ஒதுக்கிவிட்டுப் போதல் அறமன்று. "வளர்ந்தவன் வளராதவனுக்குக் கொடுப்பது தவறா?" என்று கேட்பார்கள். தவறன்று. பகுத்துண்ணுதல் தமிழன் வகுத்த அறம். பீகாரின் ஏழை நமக்குப் பகைவனல்லன். அவன்தான் இன்று திருப்பூர் ஆலையில் நம்மோடு நின்று உழைக்கின்றான். ஆனால் அவனை எண்ணியே ஒன்று கேட்கின்றேன். அவனுக்கென்று கணக்கிட்ட பணம் அவன் ஊருக்குப் போயிற்று. அவன் பருகும் நீரும், மருந்து வாங்கும் மருத்துவமனையும், அவன் பிள்ளை படிக்கும் பள்ளியும் திருப்பூரில் உள்ளன. பல்லாண்டுகளாகப் பெரும்பங்கு பெற்றும் அவன் ஊரைவிட்டு வரநேர்ந்தது ஏன் என்று அவனுக்காகவும் நாம் கேட்க வேண்டாவா? நாம் மறுப்பது கொடுத்தலையன்று. நம்மைக் கேளாமலே நம் கையினின்று எடுத்தலை.

அவ்வாறே நமக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. தில்லியை நோக்கி நாம் நீட்டும் விரல், சென்னைக் கோட்டையையும் நோக்கித் திரும்பட்டும். மாநிலத்திடமிருந்து ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரிய பங்கு உரிய காலத்தில் வருகின்றதா என்று கேட்பவனுக்கே, தில்லியிடம் பங்கு கேட்கும் தகுதி நிறைவாக உண்டு.

இனி என் செய்வது? வழி புதிதன்று. 1969இல் தமிழ்நாட்டரசு பி.வி. இராசமன்னார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவர் வெறும் சட்ட அறிஞர் அல்லர். நான்காம் நிதிக்குழுவுக்கே தலைமை தாங்கி, பூட்டின் உட்புறத்தைக் கண்டவர். 1971இல் அக் குழு தந்த அறிக்கை, நிதிக்குழுவை நிலையான அமைப்பாக்கவும், பகிரும் வரிகளின் வட்டத்தை விரிக்கவும் வழிகூறியது. 1974 ஏப்பிரலில் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அரைநூற்றாண்டுக்குப்பின், 2025 ஏப்பிரலில், குரியன் சோசப்பு தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைக்க நேர்ந்ததே, அன்றைய சொற்கள் தில்லியின் செவியில் ஏறவில்லை என்பதற்குச் சான்று.

நாம் வேண்டுவன நான்கு. நிதிக்குழுவை அமர்த்துவதில் மாநிலங்கட்கும் ஒப்பக் குரல் வேண்டும். மேல்வரிகளையும் பகிர்தற்குரிய தொகையிற் சேர்த்தல் வேண்டும். கல்விக்கும் நலவாழ்வுக்கும் உரிய பணத்தை எந்தக் கொள்கைக் கயிற்றாலும் கட்டாது விடுதல் வேண்டும். 2017 சூலை முதல் வந்த சரக்கு சேவை வரியின் மன்றத்தில், மூன்றிலொரு பங்கு வாக்கைத் தில்லி வைத்துக்கொண்டு, நான்கில் மூன்று பங்கு வாக்கிருந்தாலே முடிவு என்று விதித்திருப்பதால், எல்லா மாநிலங்களும் ஒன்றுகூடினாலும் தில்லியை மீறி ஒரு வரியைத் திருத்த முடியாது. அம் முறை மாறுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இரத்தல் அன்று, அனைத்தும் உரிமை.

கொங்குநாட்டுத் தோழர்களே! ஊர்வாய்க்காலில் முறைத்தண்ணீர் ஒருநாழிகை குறைந்தால் மண்வெட்டியோடு மடைக்குப் போய்க் கணக்குக் கேட்பவர்கள் நீங்கள். அக் கணக்கறிவை வரிப்பணத்தின் மேலும் செலுத்துங்கள். வாக்குக் கேட்டு வருபவனிடம், "தில்லியில் எங்களுக்கு என்ன வாங்கித் தருவாய்?" என்று கேளாதீர்கள், "பங்கிடும் முறையை மாற்ற என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். திறவுகோலை இன்னொரு தமிழன் கையில் கொடுப்பதால் விடிவு வாராது. பூட்டை மாற்றினால்தான் வரும்.

வெல்க தமிழ்! வாழ்க தமிழ்நாடு!