அடைத்த நீரும் அடக்கிய மூச்சும்



மழைக்கு ஓய்வு உண்டு. பயிரின் தாகத்திற்கு ஓய்வில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் 1897இல் தொடங்கிய பணி 1906இல் நிறைவுற்றது. அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் இவ்வூர் மண்ணிலேயே அடக்கமானார். மலையில் பெய்து கடலுக்கு ஓடிவிடக்கூடிய நீர், இங்கே தங்கி அளவோடு இறங்குவதால், நாஞ்சில் நாட்டு வயல்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் காண முடிந்தது.

இசைக்கருவி பயிலும் இளைஞரைப் பற்றிய உரை அணையிலிருந்து தொடங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நாகசுரம் பயின்ற பழைய முறையை அறிந்தவர்க்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும்.

நாகசுரக் குழுவில் ஒத்து என்றொரு குழல் உண்டு. தோற்றத்தில் நாகசுரத்தை ஒத்தது. எனினும் விரல்களால் மூடித் திறந்து சுரங்களை எழுப்பும் துளைகள் அதற்கில்லை. ஒரே சுருதியை இடையறாது தருவதே அதன் கடமை. ஊதுபவர் மூச்சு வாங்கும்போதும் ஒலி அறுபடுதல் கூடாது. ஆகவே கன்னங்களில் காற்றைத் தேக்கி, அதை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே, மூக்கின் வழியே புதுக்காற்றை உள்வாங்க வேண்டும். இங்கே கன்னமே அணையாகிறது. மழை நின்ற பொழுதும் வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல, மூச்சு வாங்கும் பொழுதும் நாதம் ஓடுகிறது.

இந்த ஒத்து பெரும்பாலும் பயிலும் சிறுவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. கேட்போர் கண் நாயனக்காரர் மீதும் தவில்காரர் மீதும் இருக்கும். ஒத்துக்காரச் சிறுவனைப் பாராட்டுவார் எவருமிலர். உலக வழக்கோ இன்னும் ஒரு படி மேலே சென்று, சுயமாகக் கருத்தில்லாதவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று இகழ்ந்தது. சொல்லை ஆளும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. இகழ்ச்சியாக வழங்கும் அச்சொல்லின் அடியில் ஒரு கலையின் தொடக்கக் கல்வி புதைந்து கிடக்கிறது. சுவாமி வீதியுலா வரும் இரவுகளில், ஆசிரியரின் ஆலாபனை ஒவ்வொரு பிடியாக விரிவதை மிக அருகில் நின்று கேட்டவன் அச்சிறுவனே. அவன் மூச்சோடு செவியும் நிறைந்தது.

அருகில் நின்று பெற்ற கல்விக்குத் தென்பாண்டிச் சீமையே சான்று தரும். காருகுறிச்சி அருணாசலம் 1921இல் பிறந்தவர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் சீடராகி, அம்மேதையோடு இரண்டாம் நாயனமாக வாசித்தவர். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படம் அவருடைய நாகசுரத்தை இசையறியாதவர் செவிக்கும் கொண்டு சேர்த்தது. 1964இல் அவர் மறைந்தபோது வயது நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அக்குறுகிய வாழ்விலும் இரண்டாமிடத்தில் நின்ற காலம் வீணான காலம் அன்று. அதுவே நீர் நிறைந்த காலம்.

குழந்தை மேதையரின் வரலாறு இதற்கு முரணானதன்றோ என வினவலாம். புல்லாங்குழல் மாலி என்னும் டி. ஆர். மகாலிங்கம் 1933இல், ஏழாம் வயதில், மயிலாப்பூர்த் தியாகராசர் விழாவில் வாசித்து மூத்த வித்துவான்களை வியக்கவைத்தார். ஆனால் அவரது குழலும் கேள்வியிலிருந்தே பிறந்தது. வீட்டில் பிறர் பயின்ற பாட்டைக் கேட்டுக் கேட்டே அச்சிறுவர் குழலில் கொண்டுவந்தார். ஒப்பற்ற அக்கலைஞர், பின்னாளில் மேடைக்கு வாராதிருந்த நாள்களும், கச்சேரியை இடையில் நிறுத்திய நாள்களும் உண்டு. அவருடைய சீடர் என். ரமணியோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மேடையில் நிலைத்தார். வியப்பு ஒரு நாளில் விளையும். நிலைபேறு நெடுநாள் தேக்கத்தில் விளையும்.

இன்று ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. சிறுவனின் கன்னவலி தீர்ந்ததில் வருந்த ஒன்றுமில்லை. அரசு இசைப்பள்ளிகள் குலம் பாராது நாகசுரமும் தவிலும் கற்பிக்கின்றன. மதுரைப் பொன்னுத்தாய் பெண்களுக்கு இத்துறையில் வழி திறந்தார். காலீஷாபி மகபூப், சேக் மகபூப் சுபானி இணையருக்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கதவுகள் முன்னினும் அகலத் திறந்துள்ளன. குறைந்தது ஒன்றே: கேட்கும் பொழுது. விடியும்வரை ஆசிரியர் அருகே நின்று கேட்ட சீடனும் அரியவனானான். தெருவோரத்தில் நின்று கேட்ட ஊராரும் அரியராயினர். திருமண மண்டபத்தில் கெட்டிமேளத்திற்காக மட்டுமே அழைக்கப்படும் இளைஞன், தான் கற்ற தோடியை யாரிடம் விரித்துரைப்பான்? வாய்க்கால் தூர்ந்துபோன ஊருக்கு அணை நிறைந்தும் பயனில்லை.

சுசீந்திரம் கோயிலில் தட்டினால் இசையெழுப்பும் கல்தூண்கள் உள்ளன. அவற்றைக் காணத் தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். கல் பாடுவது வியப்பே. ஆனால் கல் நேற்றுத் தந்த ஒலியைத்தான் நாளையும் தரும். வளரக்கூடியது இளைஞனின் மூச்சு. அது வளரக் கேட்பவர் வேண்டும்.

இலக்கிய விழாக்களிலும் நாகசுரம் ஒலிக்கிறது. ஆனால் நாற்காலிகள் நிறைவதற்கு முன்பே மங்கல இசையாகத் தொடங்கி, தலைவர் மேடையேறியதும் நிறுத்தப்படுகிறது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம் ஒரு மரபைப் புதிதாகத் தொடங்கலாம். ஆண்டுவிழாவில் ஓர் இளம் நாயனக்காரருக்கு, அவை நிறைந்த பின், ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். கவிஞர்கள் பேசாமல் அமர்ந்து ஒரே ஓர் ஆலாபனையை முழுமையாகக் கேட்கட்டும். சொல்லின்றிப் பேசும் கலையைக் கேட்ட செவிக்குச் சொல்லின் அருமையும் கூடும். இளைஞனின் மூச்சு அணையில் நிறைந்து நிற்கிறது. மடையைத் திறக்க வேண்டியவர்கள் கேட்பவர்களே.